விதைப்பவர் கையிலிருந்து வந்த சொல்: ‘பிராட்காஸ்ட்’ என்பதைப் பொருளறிந்து தமிழாக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் நெல் விவசாயிகளுக்கு வழங்கப்பட்ட ஒரு துண்டறிக்கையில், “முளைகட்டிய விதைகளை நாற்றங்காலில் சீராக ஒளிபரப்ப வேண்டும்” என்று அச்சாகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் பெரியப்பா, “விதையை எப்படிப்பா ஒளிபரப்புறது? புது மெஷின் ஏதும் வந்திருக்கா?” என்று என்னிடம் கேட்டார். சிறுவயதிலிருந்து நாற்று விட்டுப் பழகிய மனிதர் அவர். தாம் ஆண்டுதோறும் செய்யும் வேலையைத்தான் அந்த வாக்கியம் சொல்கிறது என்பதை அவரால் அறிந்துகொள்ள முடியவில்லை. ஆங்கில மூலத்தில் ‘பிராட்காஸ்ட்’ என்ற வினை இருந்திருக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து வைத்துவிட்டார். ஆனால் அச்சொல்லுக்கு முதன்முதலில் இருந்த பொருள் வானொலியும் அன்று, தொலைக்காட்சியும் அன்று. பெரியப்பா கை செய்யும் வேலைதான் அதன் முதற்பொருள்.

வேளாண் நூல்களைத் தமிழாக்குவோர், பழைய ஆங்கில உரைநடையைப் படிக்கும் மாணவர், கணினித் துறைக் குறிப்புகளை எழுதுவோர் ஆகிய மூவருமே இச்சொல்லில் இடறுகிறார்கள். மூவருக்கும் உதவக்கூடிய ஒரே வழி, சொல் எதற்காகப் பிறந்தது என்பதை அறிந்துகொண்டு, அந்த அறிவை ஒவ்வொரு வாக்கியத்திலும் பொருத்திப் பார்ப்பதே ஆகும். அந்த வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

‘பிராட்’ என்பது அகலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். ‘காஸ்ட்’ என்பது வீசுதலைக் குறிக்கும். ஆனால் அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. வடகடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் ‘கஸ்தா’ என்று இருந்த வினை, இடைக்கால ஆங்கிலத்தில் நுழைந்து, அதுவரை வீசுதலைக் குறித்துவந்த பழைய ஆங்கில வினையை ஒதுக்கியது. பின்னர் ‘த்ரோ’ என்ற வினை பொதுவழக்கைப் பிடித்துக்கொள்ள, ‘காஸ்ட்’ சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தங்கிவிட்டது. வலை வீசுவது, தூண்டில் போடுவது, பகடை உருட்டுவது, வாக்கைப் பதிவு செய்வது ஆகியவற்றுக்கு இன்றும் ‘காஸ்ட்’ வழங்குகிறது. தமிழில் ‘வீசு’ என்ற வினை வலைக்கும் விதைக்கும் ஒருங்கே பொருந்துவதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குக் கைகொடுக்கும்.

இரண்டு பகுதிகளையும் சேர்க்கும்போது கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ‘காஸ்ட்’ என்பது இங்கே ஏவல் வடிவமாக வரவில்லை. ‘வீசப்பட்ட’ என்னும் எச்ச வடிவமாக வருகிறது. ஆகவே சொல்லின் முதல் உரு ‘அகல வீசப்பட்ட’ என்பதாகும். அகராதிகள் காட்டும் பதிவுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன: விதைப்பைக் குறிக்கும் பெயரடையாக இச்சொல் 1760களிலேயே பதிவாகியிருக்க, வினையாக அது பதிவாவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதாவது, ஒரு விதைப்பு எப்படிப்பட்டது என்று வகைப்படுத்தவே இச்சொல் முதலில் தோன்றியது; ஒரு செயலின் பெயராக அது மாறியது பிறகு.

‘ஸோ’ என்ற பொதுவான விதைப்பு வினையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ‘ஸோ’ மிகப் பழையது. ‘சீட்’ என்ற விதைப் பெயருக்கும், விதைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினைக்கும் உறவானது. பருவத்தைக் குறிக்கும் ‘சீஸன்’ என்ற சொல்லும், விதைத்தலைக் குறிக்கும் இலத்தீன் பெயரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. ‘ஸோ’ என்பது விதை மண்ணில் இடப்பட்டது என்று மட்டும் சொல்லும். எந்த முறையில் என்று சொல்லாது. ‘பிராட்காஸ்ட்’ முறையைச் சொல்லும். நம் ‘விதை’ என்ற வினைக்கும் ‘தெளி’ என்ற வினைக்கும் உள்ள தொலைவு ஏறத்தாழ இதுவே.

அடுத்து, எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியின் மையமான அறிவுரை இதுதான். ‘பிராட்காஸ்ட்’ என்ற சொல் எங்கு வந்தாலும், அருகில் வெளிப்படையாகவோ மறைவாகவோ அதன் எதிர்ச்சொல் ஒன்று இருக்கும். அந்த எதிர்ச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் பொருளும் கிடைத்துவிடும். ஏனெனில் அச்சொல் பிறந்ததே ஓர் எதிர்ப்பிலிருந்துதான்.

ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஐரோப்பிய உழவர் தானியத்தைக் கையால் வீசியே விதைத்தனர். விவிலியத்தில் வரும் விதைப்பவன் உவமையில் விதை வழியோரத்திலும், பாறையிலும், முள்ளிடையிலும், நல்ல நிலத்திலும் விழுவதும் கைவீச்சால்தான். வீசும் கைக்கு ஒவ்வொரு மணியும் எங்கே விழும் என்று தேர்ந்தெடுக்க இயலாது. எல்லாரும் அப்படியே விதைத்த காலத்தில் அந்த முறைக்கென்று தனிப்பெயர் வேண்டியிருக்கவில்லை. விதைத்தல் என்றாலே வீசி விதைத்தல்தான்.

பிராய்லர் வரும்வரை நாட்டுக்கோழி வெறும் கோழியாகத்தான் இருந்தது. அரிசி ஆலை வரும்வரை கைக்குத்தல் அரிசி வெறும் அரிசியாகத்தான் இருந்தது. விசைத்தறி வரும்வரை கைத்தறிக்கு அந்த முன்னொட்டு தேவைப்படவில்லை. புதியது வந்து பழையதன் அருகில் நிற்கும்போது பழையதற்கு அடைமொழி தேவைப்படுகிறது. ‘பிராட்காஸ்ட்’ அவ்வாறு அடைமொழியாகப் பிறந்த சொல் என்பதே அதன் காலத்தையும் இலக்கண உருவையும் பார்க்கும்போது எனக்குத் தெரியவரும் முடிவு.

எதிரே நின்ற புதியது, வரிசை விதைப்பு. இங்கிலாந்தின் பெர்க்ஷயர் மாவட்டத்தில் 1674இல் பிறந்த ஜெத்ரோ டல் என்பவர் சட்டம் படித்தவர். பின்னர் விவசாயத்தில் இறங்கினார். 1701 வாக்கில், குதிரை இழுக்க ஒரே நேரத்தில் மூன்று வரிசைகளில் விதையை இறக்கி மூடும் ‘ட்ரில்’ என்னும் கருவியை அவர் அமைத்தார். விதையைத் தடுத்துத் தடுத்து விடும் பொறியமைப்புக்கான எண்ணம் தமக்கு ஆர்கன் என்னும் இசைக்கருவியின் உள்ளமைப்பிலிருந்து கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கைவீச்சு விதைப்பைப் பின்னுக்குத் தள்ளிய கருவி இசைக்கருவியிலிருந்து வந்தது என்பதும், அந்தக் கைவீச்சின் பெயரே பிற்காலத்தில் இசையைக் காற்றில் அனுப்புவதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதும் எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பைத் தருகின்றன.

டல் 1741இல் இறந்தார். அவர் கருத்துகளை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களும் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் வாதாடினர். ஒரு பக்கம் ‘ட்ரில்’. மறுபக்கத்துக்குப் பெயர் வேண்டும். அந்த வாதம் நடந்த நூற்றாண்டில்தான் ‘பிராட்காஸ்ட்’ அச்சில் தென்படத் தொடங்குகிறது.

வரிசை விதைப்பு உலகுக்கே டல் தந்த கொடை என்று நினைத்துவிடக் கூடாது. சீனாவிலும் மேற்காசியாவிலும் பழங்காலத்திலேயே விதைக்குழாய் பொருத்திய கருவிகள் இருந்தன. தென்னிந்தியாவின் மானாவாரி நிலங்களில் மாடு பூட்டி ஓட்டும் கொர்ருவும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஹால்காட் என்ற ஆங்கிலேயக் கேப்டன் 1795இல் எழுதிய கடிதத்தில், விதைக்கும் கலப்பை ஐரோப்பாவின் அண்மைக் கண்டுபிடிப்பு என்றே தாம் எண்ணியிருந்ததாகவும், தென்னிந்திய வயல்களில் அது வழக்கத்தில் இருப்பதைக் கண்டதாகவும் பதிவு செய்திருக்கிறார். இங்கே நமக்கு வேண்டியது யார் முதலில் செய்தார் என்பது அன்று. ஆங்கில மொழியில் அந்தப் பெயர் ஏன் அந்தக் காலத்தில் தேவைப்பட்டது என்பதே.

கையை நேரில் பாருங்கள்

சொல்லின் பொருளை ஐயமின்றி உள்வாங்க, அது குறிக்கும் செயலை ஒருமுறை கண்ணால் காண்பது நல்லது. ஆங்கில விதைப்பவர் ‘சீட்லிப்’ என்னும் விதைக்கூடையைத் தோல்வாரில் கோத்து இடுப்பை ஒட்டித் தொங்கவிட்டுக்கொள்வார். உடம்போடு ஒட்டி நிற்பதற்காக அது பெரும்பாலும் சிறுநீரக வடிவில் வளைந்திருக்கும். நடை ஒரே சீராக இருக்கும். ஓர் அடியில் கை கூடைக்குள் போகும். அடுத்த அடியில் வெளியே வந்து அரைவட்டமாகச் சுழலும். விரல்கள் ஒரேயடியாகத் திறப்பதில்லை. வீச்சின் நீளம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கின்றன. வீசி முடித்த வயலின்மேல் பரம்பு போன்ற பற்பலகையை இழுத்து விதையை மூடுவர்.

என் பெரியப்பா பனையோலைக் கடகத்தை இடக்கையால் இடுப்பில் அணைத்துக்கொள்வார். எள் தெளிக்கும் நாளில் எள்ளைப் போல நான்கு பங்கு மணலைக் கலந்துகொள்வார். இல்லாவிட்டால் சிறுவிதை ஒரே இடத்தில் கொட்டிவிடும். கலந்ததை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காக நடந்தும், மறுபாதியைத் தெற்கு வடக்காக நடந்தும் தெளிப்பார். முதல் நடையில் விடுபட்ட இடத்தை இரண்டாம் நடை மூடும். அவர் வீசும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதலில் இளகுவதையும், சுண்டுவிரல் கடைசிவரை இறுகியிருப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ‘பிராட்காஸ்ட்’ என்ற சொல்லை எங்கே படித்தாலும் அந்த விரல்கள்தாம் என் நினைவுக்கு வருகின்றன.

இந்தக் காட்சியிலிருந்து மூன்று பண்புகளை எடுத்துக்கொள்ளலாம்: புறப்படும் இடம் ஒன்று, சென்று விழும் இடங்கள் பல, ஒவ்வொரு மணிக்கும் இடம் தனித்தனியே தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. மூன்றாவது பண்புதான் உயிர். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது இல்லாவிட்டால் அங்கே ‘பிராட்காஸ்ட்’ பொருந்தாது.

பழைய வாக்கியங்களில் இலக்கணத்தைப் பாருங்கள்

19ஆம் நூற்றாண்டு ஆங்கில உரைநடையில் இச்சொல் பெரும்பாலும் ‘ஸோ’, சிதறடித்தலைக் குறிக்கும் ‘ஸ்கேட்டர்’ போன்ற வினைகளுக்குப் பின்னால் வினையடையாக வரும். ‘ஸோன் பிராட்காஸ்ட்’ என்று கண்டால் ‘ஒலிபரப்பி விதைக்கப்பட்டது’ என்று தடுமாற வேண்டியதில்லை. ‘வீச்சாக விதைக்கப்பட்டது’ என்பதே பொருள். துண்டு வெளியீடுகளோ வதந்திகளோ ‘ஸ்கேட்டர்ட் பிராட்காஸ்ட்’ என்று வந்தால் அது உருவகம். ‘நாடெங்கும் வாரி இறைக்கப்பட்டன’ என்று தமிழில் சொல்லலாம். இந்த உருவகப் பயன்பாடு வானொலி தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே வழக்கத்தில் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 1920க்கு முற்பட்ட நூலில் ‘பிராட்காஸ்ட்’ என்று கண்டு ‘ஒலிபரப்பு’ என்று எழுதினால், அந்த ஆசிரியர் வாழாத காலத்தின் கருவியை அவர் கையில் திணித்ததாகிவிடும்.

இறந்தகால வடிவம் பற்றியும் ஒரு குறிப்பு. ‘காஸ்ட்’ என்ற வினை எக்காலத்திலும் உரு மாறாது. ஆகவே ‘பிராட்காஸ்ட்’ என்பதும் இறந்தகாலத்தில் அப்படியே நிற்பதே பெருவழக்கு. ‘பிராட்காஸ்டட்’ என்ற வடிவத்தையும் அகராதிகள் ஏற்கின்றன. எனினும் செவ்விய எழுத்தில் முதல் வடிவமே நன்று. இதனால் படிப்பவருக்கு ஒரு சிக்கல் எழும்: வாக்கியத்தில் உள்ள சொல் நிகழ்காலமா, இறந்தகாலமா, பெயரடையா, வினையடையா என்று உருவத்தை வைத்துச் சொல்ல முடியாது. எழுவாயையும் அருகிலுள்ள துணைவினையையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வயலை விட்டு வானுக்கு வந்ததை அறியுங்கள்

மார்க்கோனியின் காலத்துக் கம்பியில்லாத் தந்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செய்தி அனுப்புவதற்காக அமைந்தது. கப்பலிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து கப்பலுக்கு என்று ஒருவரோடு ஒருவர் பேசுவதே நோக்கம். அனுப்பிய செய்தியை வழியில் உள்ளவர்களும் கேட்க முடிந்தது அந்த முறையின் குறையாகக் கருதப்பட்டது. கமுக்கம் காக்க முடியவில்லையே என்று வருந்தினர். பிறகு அந்தக் குறையே பயனாக மாறியது. யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று எண்ணி அனுப்பத் தொடங்கியபோது, அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. விதை எங்கே விழும் என்று கேளாமல் வீசும் கையின் பெயர் பொருத்தமாக நின்றது.

1920 ஜூன் 15 அன்று இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் இருந்த மார்க்கோனி நிலையத்திலிருந்து நெல்லி மெல்பா என்ற இசைக்கலைஞர் பாடினார். அதே ஆண்டு நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. நிலையம் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகளை அறிவித்தது. அதையடுத்த ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் இச்சொல் வானொலிப் பொருளில் வேரூன்றிவிட்டது. 1922இல் லண்டனில் தொடங்கப்பட்ட பி.பி.சி.யின் பெயரில் நடுவில் நிற்கும் எழுத்து இச்சொல்லைக் குறிப்பதே.

அந்த நிறுவனத்தார் சொல்லின் உழவுப் பின்னணியை மறந்துவிடவில்லை என்பதற்கு ஒரு கண்கண்ட சான்று இருக்கிறது. 1932இல் திறக்கப்பட்ட அவர்களின் லண்டன் தலைமையகமான பிராட்காஸ்டிங் ஹவுஸின் நுழைவுக் கூடத்தில், எரிக் கில் என்ற சிற்பி செதுக்கிய ‘விதைப்பவன்’ என்னும் கற்சிலை நிற்கிறது. கூடத்தின் இலத்தீன் கல்வெட்டு, விதைத்த நல்விதை நல்ல விளைச்சலைத் தரட்டும் என்று வேண்டுகிறது. இச்சொல்லின் வரலாற்றை மாணவர்களுக்குக் கற்பிப்பவர்கள் அச்சிலையின் படத்தைக் காட்டினால் போதும். நீண்ட விளக்கம் தேவைப்படாது.

வயலில் இம்முறைக்கு எதிராகச் சொல்லப்பட்ட குறையும், வானில் இதற்குச் சொல்லப்பட்ட நிறையும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். வேண்டாத இடத்திலும் விதை விழுகிறது என்பது வரிசை விதைப்பாளரின் முறையீடு. எல்லா இடத்திலும் சொல் விழுகிறது என்பது வானொலியாரின் பெருமை. சொல் மாறவில்லை, எதிரே நின்ற முறை மாறியது.

தமிழாக்கும்போது

இப்போது செயல்முறைக்கு வருவோம். வாக்கியத்தில் ‘பிராட்காஸ்ட்’ வந்தவுடன், செயப்படுபொருள் எது என்று பார்த்து, அதன்பின் எதிர்ச்சொல்லைத் தேடுங்கள்.

செயப்படுபொருள் விதையாக இருந்தால் எதிரே பெரும்பாலும் வரிசை விதைப்போ, ஊன்றுதலோ, நடவோ இருக்கும். அப்போது ‘தெளித்தல்’, ‘தூவுதல்’, ‘வீசி விதைத்தல்’, ‘கைவிதைப்பு’ ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். இவை ஒன்றுக்கொன்று முழுமையாக நிகரானவை அல்ல. உழவர் பேச்சில் எள், கேழ்வரகு, சேற்றுநெல் ஆகியவற்றுக்குத் ‘தெளித்தல்’ இயல்பாக வரும். கீரை விதைக்குத் ‘தூவுதல்’ நன்றாகப் பொருந்தும். நாற்றங்காலைப் பொறுத்தவரை ‘நாற்று விடுதல்’ என்ற தொடரே முழுச் செயலையும் குறித்துவிடும். ‘வீசி விதைத்தல்’ எல்லா வட்டாரத்தாருக்கும் விளங்கும் என்பதால், மாநிலம் முழுவதற்கும் எழுதும் பாடநூலில் அதை முதன்மைச் சொல்லாக வைக்கலாம். ஈரமில்லாத மண்ணில் மழையை எதிர்பார்த்து விதைப்பதைப் புழுதி விதைப்பு என்கிறோம். அது மண்ணின் நிலையைச் சொல்லுமே தவிர, கைவீச்சா வரிசையா என்பதைச் சொல்லாது. ஆகவே ‘பிராட்காஸ்ட்’ என்பதற்குப் ‘புழுதி விதைப்பு’ என்றோ, ‘நேரடி விதைப்பு’ என்றோ எழுதுவது பிழை. நேரடி விதைப்புக்கு எதிர்ச்சொல் நடவு. கருவியால் வரிசையாக விதைத்தாலும் அது நேரடி விதைப்பே.

விதைக்கூடைக்கும் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. நற்றிணையில் வயலுக்கு விதையோடு போய், மீனோடு திரும்பி வரும் ஓலைக்கூடைக்கு ‘வட்டி’ என்று பெயர். பழைய ஆங்கில வேளாண் நூல் எதையேனும் தமிழாக்குபவர் ‘சீட்லிப்’ என்று கண்டால், இன்றைய வாசகருக்கு ‘விதைக் கடகம்’ என்று எழுதலாம்.

செயப்படுபொருள் உரமாக இருந்தால் எதிரே, பயிர் வரிசையை ஒட்டியோ வேரருகே குழியிலோ இடும் முறை நிற்கும். ‘யூரியாவைப் பரவலாகத் தூவி இடவும்’ என்று எழுதினால் போதுமானது. ‘பரப்பவும்’ என்று மட்டும் எழுதினால், குவித்ததைக் கையால் தள்ளிப் பரப்புவது போன்ற எண்ணம் தோன்றும். அடுப்பங்கரை முற்றத்தில் நெல்லைப் பரப்பிக் காயவைப்பதற்கும் அதே சொல்தானே வழங்குகிறது! வீச்சைக் குறிக்க ‘தூவி’ என்ற எச்சம் வேண்டும்.

களைக்கொல்லி தொடர்பான குறிப்புகளில் இதே சொல் வந்தால், வயல் முழுவதும் ஒரே சீராகத் தெளிப்பதைக் குறிக்கும். எதிரே களை உள்ள இடத்தில் மட்டும் தெளிக்கும் முறை இருக்கும். காட்டியலில் வெட்டுக் கழிவுகளைக் குவித்து எரிக்காமல் கிடந்த கிடையில் பரப்பு முழுவதும் எரிப்பதற்கும் இதே அடைமொழி உண்டு. கடல் உயிரியலில் பவளப் பூச்சிகள் தம் முட்டையையும் விந்தையும் நீரில் பொதுவாக விட்டுவிடுவதைக் குறிக்கும் தொடரிலும் இச்சொல் வரும். இம்மூன்றிலும் ‘ஒலி’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை. ஆனால் நாம் முன்பு கண்ட மூன்றாம் பண்பு, அதாவது இடம் தேர்ந்தெடுக்காமை, மூன்றிலும் இருக்கிறது.

செயப்படுபொருள் நிகழ்ச்சியாகவோ உரையாகவோ இருந்தால் தமிழில் கூடுதலாக ஒரு முடிவு எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரே வினை. தமிழில் ஒலிபரப்பு வேறு, ஒளிபரப்பு வேறு. மூலத்தில் எந்த ஊடகம் என்று சொல்லப்படாவிட்டால், ஆண்டைப் பார்த்தும் நிறுவனத்தைப் பார்த்தும் தீர்மானிக்க வேண்டும். 1920களின் நிகழ்ச்சி என்றால் ஒலிபரப்பு என்பதில் ஐயமில்லை. இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் சட்டம் அல்லது கொள்கை என்றால், ‘ஒலி, ஒளிபரப்பு’ என்று இரண்டையும் எழுதிவிடுவதே நேர்மையானது. நம் முன்னோர் இந்தச் சொற்களை ஆக்கியபோது ‘பரப்பு’ என்பதைத் தேர்ந்துகொண்டது பாராட்டத்தக்கது. ‘பரப்பு’ வினையாகவும் நிற்கும். நிலத்தின் அளவைக் குறிக்கும் பெயராகவும் நிற்கும். ஆங்கிலச் சொல்லில் உள்ள வீசும் கை தமிழ்ச் சொல்லில் இல்லை. ஆனால் அகலம் இருக்கிறது.

ஒலிபரப்பு வயலுக்கே திரும்பி வந்த ஒரு கதை தமிழ்நாட்டில் நடந்ததை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1960களின் பிற்பகுதியில் தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டீ. 27 என்ற குறுகியகால நெல் இரகம் பரவியபோது, திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளின் வழியாகவே உழவர் அதை அறிந்துகொண்டனர். அதனால் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்தது. விதை வீசுதலைக் குறித்த ஆங்கிலச் சொல் வானொலிக்குப் போனது. அந்த வானொலி ஒரு விதையைத் தஞ்சை வயல்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

கணினி வலையமைப்புக் குறிப்புகளில் எதிர்ச்சொற்கள் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும்: ஒரு கருவிக்கு மட்டும் அனுப்புவது ‘யூனிகாஸ்ட்’, குறிப்பிட்ட குழுவுக்கு அனுப்புவது ‘மல்டிகாஸ்ட்’, வலையமைப்பில் உள்ள எல்லாவற்றுக்கும் அனுப்புவது ‘பிராட்காஸ்ட்’. இங்கே ‘ஒலிபரப்பு’ கூடவே கூடாது. ‘அனைத்துக்கும் அனுப்புதல்’ என்று விளக்கிச் சொல்லி, அடைப்புக்குள் அல்லாமல் வாக்கியத்திலேயே பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் ஒருமுறை அறிமுகப்படுத்திவிடுவதே என் பழக்கம். இணையத்தில் கருவிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் விதிமுறையான ஐ.பி.யின் நான்காம் பதிப்பில் இந்த முறை உண்டு. ஆறாம் பதிப்பில் இது நீக்கப்பட்டு, குழுவுக்கு அனுப்பும் முறையே அந்தப் பணியைச் செய்கிறது. பதிப்பைக் கவனியாமல் மொழிபெயர்த்தால் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லிவிட நேரும்.

வாட்ஸ்அப் செயலியில் உள்ள ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ மட்டும் என் அளவுகோலுக்கு முழுமையாக அடங்கவில்லை. அங்கே பெறுநரை ஒவ்வொருவராக நாமே சேர்க்கிறோம். நம் எண்ணைத் தம் தொடர்புப் பட்டியலில் வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேர்கிறது. இடம் தேர்ந்தெடுக்காமை என்ற பண்பு அதில் இல்லை. ஒன்று பலவாகப் பிரிந்து செல்வது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைத் தமிழில் ‘பலருக்கு அனுப்பும் பட்டியல்’ என்று சொல்வதே சரியாக இருக்கும்.

பிற்காலத்தில் பிறந்த சொற்களில் ‘காஸ்ட்’ என்ற பின்பகுதி மட்டும் தனியே கழன்று வந்துவிட்டது. ‘டெலிகாஸ்ட்’, ‘வெப்காஸ்ட்’, 2004இல் பென் ஹாமர்ஸ்லி என்ற செய்தியாளர் ஐபாட் கருவியின் பெயரோடு இணைத்து எழுதிய ‘பாட்காஸ்ட்’ ஆகியவற்றில் ‘காஸ்ட்’ என்றால் வீசுதல் இல்லை. ஊடகத்தின் வழி அனுப்புதல் என்றாகிவிட்டது. ஆகவே இவற்றைத் தமிழாக்கும்போது வீச்சையோ விதையையோ தேட வேண்டாம். ‘ஃபோர்காஸ்ட்’, ‘ஓவர்காஸ்ட்’, ‘அவுட்காஸ்ட்’ ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை பழைய ‘காஸ்ட்’ வினையிலிருந்து நேராகவும் தனித்தனியாகவும் வந்தவை.

மொழிபெயர்த்து முடித்த பின், கணினியின் தேடல் வசதியைக் கொண்டு உங்கள் கோப்பில் ‘ஒலிபரப்’, ‘ஒளிபரப்’ என்ற எழுத்துக்கோவைகளைத் தேடுங்கள். வேளாண்மை, காட்டியல், உயிரியல், கணினி ஆகிய துறைகளைச் சேர்ந்த கோப்பில் அவை ஓரிடத்தில் தென்பட்டாலும் அந்த வாக்கியத்தின் மூலத்தைத் திரும்பப் பாருங்கள். எந்திர மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துவோருக்கு இந்த ஒரு சோதனை மிகவும் அவசியம். ஒரு சொல் தவறினால் நாற்றங்கால் வரப்பில் நிற்கும் மனிதருக்கு முழு அறிக்கையும் பயனற்றுப் போகிறது.

பெரியப்பாவிடம் அந்தத் துண்டறிக்கையை வாங்கி, பிழையான வரியின் மேல் பேனாவால் இப்படித் திருத்தி எழுதிக் கொடுத்தேன்: “முளைகட்டிய விதையை நாற்றங்காலில் சீராகத் தூவ வேண்டும்.” அவர் படித்துப் பார்த்துவிட்டு, “நாத்து விடுறதைத்தான் சொல்றாங்களா!” என்றார். பின் அதற்கடுத்த வரியில் இருந்த விதை அளவைப் பற்றி என்னோடு பேசத் தொடங்கினார்.